தண்ணி வத்துனாத்தான் தாரா எறங்கும் – நெல்லைச் சீமையில அஞ்சு நாள்

முதல் நாள், சாயங்காலம் – நயினார்குளம்

பொங்கலுக்கு ஊருக்குப் போனவங்க எல்லாம் திரும்பி வந்தப்பறம்தான் நான் சென்னைல இருந்து கெளம்புனேன், தை பாதிக்கு மேல ஆயிருச்சு. போன ரெண்டு வருஷமும் பொங்கலோட பொங்கலா வந்து ஏமாந்தேன். குளம் எல்லாம் கரை தளும்ப நெறைஞ்சு கெடக்கும், பாக்கக் கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கும், ஆனா வலசை வாத்து, எங்க ஊர்ப் பேச்சுல தாரா, மட்டும் விரல் விட்டு எண்ணுற அளவுதான் இருக்கும், அதுவும் எங்கயோ நடுவுல புள்ளி புள்ளியா. சித்தப்பாகிட்ட இதைச் சொல்லி வருத்தப்பட்டப்பதான் அவங்க வெவரமா சொன்னாங்க.

"எம்மா, தாரா முங்குற ஜாதி இல்லல்லா. தலைய உள்ள விட்டு வாலைத் தூக்கிக்கிட்டு நின்னு திங்கும். அதுக்கு மொழங்கால் தண்ணி போதும். நீ வார நேரம் குளத்துல ரெண்டாள் ஆழம் நின்னா அது என்னத்தத் திங்கும்? கொஞ்சம் பொறு, பிசான நெல்லுக்குத் தண்ணி பாஞ்சு குளம் எறங்கட்டும், உள்வாய்ல, அதான் குளத்தோட உள் ஓரத்துல, சேறு தெரியட்டும், அப்பறம் வா."

அதான் இந்த தடவை அவங்க சொன்ன தேதிக்கே வந்தேன். சித்தப்பாவுக்கு வயசு அறுபத்தி ஏழு, விவசாயம்தான், பறவைப் புத்தகம் எதையும் தொட்டதில்ல, ஆனா எந்தக் குளத்துல எப்ப எவ்வளவு தண்ணி நிக்கும்னு மனப்பாடமாத் தெரியும். என்கிட்ட ஒரு எட்டுக்கு நாப்பத்திரெண்டு பைனாகுலர் இருக்கு, ஃப்ரெண்டுகிட்ட கடன் வாங்குன ஸ்கோப்பும் ட்ரைபாடும் இருக்கு. அவங்க வழி, நான் லென்ஸ். அப்படித்தான் பிளான்.

இன்னைக்கு வந்து எறங்குன களைப்பு, தூரமாப் போகல, டவுன்ல நயினார்குளத்துக்கு மட்டும் போனோம். காய்கறி மார்க்கெட்டுக்குப் பக்கத்துலயே குளம், லாரி சத்தம், அழுகுன தக்காளி வாசம், இந்தப் பக்கம் ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு, அந்தப் பக்கம் திறந்த தண்ணில கூழைக்கடா மெதக்குது. வாத்துல நம்ம ஊருக்காரங்க மட்டும்தான் இருந்தாங்க: புள்ளிமூக்கு வாத்து நாலஞ்சு ஜோடி, சீழ்க்கைச் சிறகி ஒரு கூட்டம். இதுங்க ரெண்டும் வருஷம் பூரா இங்கதான் இருக்கும், இங்கயே முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கும். சிறகி பறக்கும்போது அந்த விசில் சத்தம் கேட்டாலே எனக்கு ஊருக்கு வந்துட்டோம்னு தோணும், ஸ்கூல் விட்டு வாறப்ப தலைக்கு மேல இந்தச் சத்தம்தான் போகும்.

நாளைக்கு அஞ்சு மணிக்குக் கெளம்பணும்.


ரெண்டாம் நாள் – கூந்தன்குளம்

நாலரைக்கே எந்திரிச்சு சித்தியோட கருப்பட்டிக் காபி ஒரு டம்ளர் குடிச்சுட்டு வண்டில ஏறியாச்சு. பாளையங்கோட்டை தாண்டி ரெட்டியார்பட்டி வழியா மூலைக்கரைப்பட்டி, அங்கன இருந்து கொஞ்ச தூரம்தான். வழி நெடுக பனை, நடுவுல சீமைக்கருவேலம், திடீர்னு ஒரு பச்சை வயல், திரும்பவும் பொட்டல். இந்த வறண்ட நாங்குநேரிச் சீமைக்கு மணிமுத்தாறு கால்வாய் வந்து சேருறதாலதான் கூந்தன்குளமும் அதை ஒட்டி இருக்க காடன்குளமும் கோடை வரைக்கும் தண்ணி வச்சிருக்கு. மலைல பேஞ்ச மழை வாய்க்கால் வழியா இந்தக் காட்டுக்கு வந்து நிக்கிறதை வானத்துல போற வாத்து எப்படிக் கண்டுபிடிக்குதோ.

ஊருக்குள்ள நுழையும்போதே சத்தம் வந்துருச்சு. வீட்டு முன்னாடி நிக்கிற மரத்துல எல்லாம் சங்குவளை நாரை கூடு கட்டிருக்கு, கீழ தெருவெல்லாம் வெள்ளை வெள்ளையா எச்சம், மீன் வாசம் குப்புன்னு அடிக்குது, அந்த மரத்துக்கு அடியில ஒரு ஆச்சி ஒண்ணுமே நடக்காத மாதிரி முத்தம் தெளிச்சுக்கிட்டு இருக்காங்க. இந்த ஊர்ல தீபாவளிக்கு வெடி போடுறதில்ல, பறவை பயந்துரும்னு. சரணாலயம்னு அரசாங்கம் அறிவிச்சது 1994ல, ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல சேந்தது 2022ல, ஆனா ஊர்க்காரங்க காவல் காக்குறது அதுக்கெல்லாம் முந்தி இருந்தே. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். நான் ஆச்சிகிட்ட வாசம் கஷ்டமா இல்லையான்னு கேட்டேன். "புள்ளப் பெத்த வீடுன்னா வாசம் இருக்கத்தானே செய்யும்"னு சொல்லிட்டு வாளியை எடுத்துட்டு உள்ள போய்ட்டாங்க.

கரைல ஏறி நின்னப்ப இன்னும் நல்லா வெளுக்கல. தண்ணி மேல லேசா பனி. மொதல்ல கருப்பு கருப்பா நூத்துக்கணக்குல தெரிஞ்சதெல்லாம் நாமக்கோழி. புதுசா வர்றவங்க இதைத்தான் வாத்துன்னு எண்ணிருவாங்க, நானும் ஆரம்பத்துல அப்படித்தான். கருப்பு உடம்பு, நெத்தில வெள்ளை நாமம், அலகு கோழி அலகு மாதிரி கூரா இருக்கும், நீந்தும்போது தலையை முன்னாடி முன்னாடி வெட்டிக்கிட்டே போகும். வாத்து அப்படி வெட்டாது, எண்ணெய் தடவுன மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டா பாதிக் குழப்பம் தீர்ந்துரும்.

வெளிச்சம் வந்ததும் உள்வாய்ப் பக்கம் ஸ்கோப்பைத் திருப்புனேன். சித்தப்பா சொன்னது அச்சு அசலா அப்படியே இருந்துச்சு. தண்ணி ஒரு நூறடி உள்வாங்கி, ஓரமெல்லாம் ஈரச் சேறு, அதுல செத்த கோரை, அதை ஒட்டி மொழங்காலுக்கும் கம்மியா தண்ணி, அங்கதான் அத்தனையும் குவிஞ்சு கெடக்கு. ஆழமா இருந்த நடுக்குளத்துல கூழைக்கடாவும் நீர்க்காகமும்தான்.

வலசை வாத்துல நீலச்சிறகிதான் அதிகம், எப்பவும் போல. ஒரு பாறை கிட்ட முப்பது நாப்பது தூங்கிக்கிட்டு இருந்துச்சு, அதுல ஒரு ஆண் மட்டும் தனியா வந்து மேய ஆரம்பிச்சது, நான் கிட்டத்தட்ட கால் மணி நேரம் அதையே பாத்தேன். தலையும் கழுத்தும் காஞ்ச பனம்பழத் தோல் கலர். கண்ணுக்கு மேல ஆரம்பிச்சு பிடரி வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு வளைஞ்சு எறங்குது, சுண்ணாம்பைத் தொட்டு ஒரே இழுப்புல இழுத்து விட்ட மாதிரி, நுனியில மட்டும் மெலிஞ்சு போகுது. விலாவுல சாம்பல் நெறம், அதுல கண்ணை இடுக்கிப் பாத்தாத்தான் தெரியுற மாதிரி நெளிநெளியா கோடு. முதுகுல இருந்து நீளமான இறகு நாலஞ்சு ரெண்டு பக்கமும் தொங்குது, கருப்பு வெள்ளை சாம்பல்னு, முந்தானை நுனி மாதிரி. தண்ணிய அலகால சளசளன்னு சலிச்சுக்கிட்டே போச்சு, அப்பப்ப தலையைத் தூக்குனா அலகு நுனியில ஒரு சொட்டு நின்னு விழுது. அரைக் கிலோ கூட தேறாது அந்த ஒடம்பு. சைபீரியாப் பக்கமோ மத்திய ஆசியாவோ எங்கயோ பொறந்தது. இந்த இனத்துல ஒண்ணு கூட குளிர்காலத்துக்கு அங்க தங்காது, ஐரோப்பாவுல இருக்கதெல்லாம் ஆப்பிரிக்காவுக்குப் போயிரும், இந்தப் பக்கம் இருக்கதெல்லாம் நம்மகிட்ட வந்துரும்.

பக்கத்துல இருந்த மத்த ஆண்ல பாதிக்கு இந்தக் கோடு இன்னும் சரியா வரல, அழுக்குப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. கோடை முடிஞ்சதும் இதுங்க றெக்கையில இருக்க பெரிய இறகு எல்லாத்தையும் ஒரே நேரத்துல உதுத்துரும், மூணு நாலு வாரம் பறக்கவே முடியாது, அந்த நேரத்துல எதிரி கண்ணுல படாம இருக்க ஆணும் பொண்ணு மாதிரி மண்ணு கலருக்கு மாறிடும். நீலச்சிறகிக்கு அந்த வேஷம் கலைய ரொம்ப நாள் ஆகும். ஐப்பசி கார்த்திகையில வந்து பாத்தா எல்லாமே பொண்ணு மாதிரிதான் தெரியும், தை மாசி ஆக ஆக ஒவ்வொண்ணா மாப்பிள்ளைக் கோலத்துக்கு வரும். அதுக்காகவும்தான் சொல்றேன், லேட்டா வாங்க.

தட்டைவாயன் வாத்து ஒரு இருவது இருந்துச்சு. இதோட அலகு ஒடம்புக்குச் சம்மந்தமே இல்லாம பெருசு, நுனி அகண்டு கரண்டி மாதிரி இருக்கும். அலகோட உள் ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி நூத்துப் பத்து கிட்ட இருக்கு, தண்ணிய உள்ள இழுத்து ஓரத்துல வெளிய தள்ளும்போது பூச்சி பொட்டு விதை எல்லாம் அந்தச் சீப்புல மாட்டிக்கும். எட்டு பத்து சேந்து வட்டமா சுத்த ஆரம்பிச்சிருச்சு, ஒவ்வொண்ணோட மூக்கும் முன்னாடி போறதோட வாலுக்குப் பக்கத்துல, செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. முன்னாடி போறது காலால கலக்கி விடுறதைப் பின்னாடி வர்றது சலிச்சுக்கும். சித்தப்பா ஸ்கோப்புல பாத்துட்டு ரொம்ப நேரம் கண்ணை எடுக்கல. "அறுபது வருஷமா இதுங்கள பாக்கேன், இப்பிடி ஒரு வேலை செய்யும்னு எனக்குத் தெரியாமப் போச்சே"ன்னாங்க. அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன்.

எட்டு மணி போல ஸ்கூலுக்குப் போற பயலுவ நாலு பேர் வந்தாங்க. "யக்கா, நாங்களும் பாக்கலாமா?" ட்ரைபாடை எறக்கி வச்சேன். வரிசையா பாத்தாங்க, நாலாவது பையன் பாத்துட்டே "யக்கா இதுக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு"ன்னான். தட்டைவாயன் ஆண். சரியா புடிச்சிட்டான்.

கணக்கு எடுக்குறவங்க எப்படி எண்ணுவாங்கன்னு சித்தப்பா கேட்டாங்க, பத்தை எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்குதுன்னு மனசுல வச்சுக்கிட்டு அதே அளவு அளவா நகத்திக்கிட்டுப் போவோம்னு சொன்னேன். ஆசிய அளவுல ஜனவரில நீர்ப்பறவைக் கணக்கு எடுக்குறது 1987ல இருந்து நடக்குது, நம்ம தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல 2011ல இருந்து வருஷா வருஷம் தன்னார்வலர்கள் போய் எடுக்குறாங்க. "நெல்லு மூட்டை அடுக்குனதை எண்ணுறாப்புலதான்"னு சொல்லிட்டு அவங்களே எண்ணிப் பாத்தாங்க. என் கணக்கு நீலச்சிறகி முன்னூத்தி அறுபது, அவங்க கணக்கு முன்னூத்தி நாப்பது. எனக்கு அவங்க கணக்குலதான் நம்பிக்கை.


மூணாம் நாள் – விஜயநாராயணம்

தூரத்துல இருந்தே கப்பல்படை டவர் தெரியும், 471 மீட்டர் ஒசரம், அதைக் குறி வச்சுப் போனா போதும். குளம் மாவட்டத்துலயே பெரிய குளங்கள்ல ஒண்ணு, கரையில நின்னா அந்தக் கரை மங்கலாத்தான் தெரியும், காத்து சும்மா வீசி அடிக்குது, ட்ரைபாடுல பையைக் கட்டித் தொங்கவிட்டும் ஸ்கோப் ஆடிக்கிட்டே இருந்துச்சு.

இங்க வந்தது வரித்தலை வாத்துக்காக. மொதல் ஒன்றரை மணி நேரம் ஒண்ணுமே இல்ல. கரையிலயே உக்காந்து சித்தி அவிச்சுக் குடுத்து விட்ட பனங்கிழங்கை நார் உரிச்சுத் தின்னோம், சித்தப்பா நடுக்குருத்தை எனக்குக் குடுத்துட்டாங்க. அப்பறம் ஒரு ஆட்டுக்காரத் தாத்தா வந்தாங்க, என்ன தேடுறீங்கன்னு கேட்டாங்க, தலைல ரெண்டு கருப்புப் பட்டை போட்ட பெரிய வாத்துன்னதும் "அது மேய்ச்சல்ல கெடக்கும்லா, குளத்துல ஏன் பாக்கீய"ன்னு உள்வாய்க்கு அந்தப் பக்கம் புல்லுத் தரையைக் கைய காட்டுனாங்க.

அங்கதான் இருந்துச்சு. இருவத்தி மூணு. ஆட்டுக் கூட்டத்துக்கு அம்பது அடி தள்ளி, ஆடு மாதிரியே தலையைக் குனிஞ்சு புல்லைக் கடிச்சுக்கிட்டு, ஒண்ணு மட்டும் கழுத்தை நீட்டிக் காவல். வெளிர் சாம்பல் ஒடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலைல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு கருப்புப் பட்டை, மஞ்சள் அலகு, மஞ்சள் கால். திபெத், மங்கோலியாப் பக்கம் ஏரிகள்ல குஞ்சு பொரிச்சுட்டு இமயமலையைத் தாண்டி வர்ற ஜாதி. முதுகுல கருவி மாட்டி ஆராய்ச்சி பண்ணதுல 7,290 மீட்டர் ஒசரத்துல பறந்தது பதிவாகி இருக்கு. அந்த ஒசரத்துல காத்து பாதிக்கும் கம்மி, நம்மளால நாலு அடி நடக்க முடியாது, இது றெக்கையை அடிச்சுக்கிட்டே போகுது, அதோட ரத்தம் பிராணவாயுவை நம்ம ரத்தத்தைவிட இறுக்கிப் புடிச்சுக்கும். மங்கோலியாவுல கழுத்துல பிளாஸ்டிக் வளையம் மாட்டி விட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்கள்ல பாத்திருக்காங்க. நான் இருவத்தி மூணோட கழுத்தையும் ஒவ்வொண்ணா பாத்தேன், வளையம் எதுவும் இல்ல. ஆனா அப்படிப் பாக்குறதே ஒரு மாதிரி இருந்துச்சு, யாரோ தூர தேசத்துல இருந்து கடுதாசி போட்டுருக்காங்களான்னு தேடுற மாதிரி.

ஆட்டுக்காரத் தாத்தாவுக்கு இமயமலைக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னாங்க. "அவ்வளவு தொலைவு வந்தா இந்தப் புல்லத் திங்குது? நான் என் ஆட்டுக்கே இது பத்தலைன்னு வையிதேன்"னுட்டு ஆட்டை அந்தப் பக்கமாத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போனாங்க. வாத்துக்கு எடம் விட்டுத்தான் ஓட்டுனாங்க, நான் பாத்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு சம்பவம். குளத்துல ஊசிவால் வாத்து ஒரு பெரிய கூட்டம், நூறுக்கு மேல, காத்துக்கு மூஞ்சியைக் காட்டிக்கிட்டு ஒரே திசைல மெதந்துச்சு. வாத்துலயே அழகுன்னா எனக்கு ஊசிவால்தான், காபிக்கொட்டை கலர் தலை, கழுத்து ஓரமா வெள்ளை ஒரு கீத்தா மேல ஏறிப் போகும், வால் மெல்லிசா நீண்டு நிக்கும். திடீர்னு அந்தப் பக்கம் நாமக்கோழி எல்லாம் ஒண்ணா ஓடி ஒண்ணோட ஒண்ணு நெருங்கி நிக்குது. நிமிந்து பாத்தா சேற்றுப் பூனைப்பருந்து, றெக்கையை வி மாதிரி தூக்கிப் புடிச்சுக்கிட்டு தண்ணிக்கு மேல ஒரு பத்தடி ஒசரத்துல அசைஞ்சு அசைஞ்சு வருது, அதுவும் வடக்க இருந்து வலசை வந்ததுதான். கோரைப் பக்கம் வந்ததும் அவ்வளவுதான், அத்தனை ஊசிவாலும் ஒரே நேரத்துல எந்திரிச்சது. ஓடி எந்திரிக்கல, நின்ன எடத்துல இருந்து நேரா மேல. தண்ணி கொட்டுற சத்தம், அப்பறம் றெக்கைச் சத்தம், பட்டுச் சேலையைக் கிழிச்சா வருமே அப்படி. தலைக்கு மேல ரெண்டு சுத்து சுத்துச்சு, திரும்பும்போது மொத்தக் கூட்டத்தோட வெள்ளை வயிறும் ஒரே நேரத்துல மின்னுது, அப்பறம் கருக்குது, திரும்பவும் மின்னுது. பருந்துக்கு ஒண்ணும் கெடைக்கல. அது பாட்டுக்கு அடுத்த கோரைக்குப் போயிருச்சு, பருந்து விரும்புறது ஓட முடியாத நோஞ்சானைத்தான், அதைக் கண்டுபிடிக்கத்தான் இப்படிக் கலைச்சு விட்டுப் பாக்கும்.

கூட்டம் திரும்ப எறங்குனப்ப கவனிச்சேன், நெறைய எடத்துல ஒரு பொண்ணு, அதைச் சுத்தி நாலஞ்சு ஆண், கழுத்தை நீட்டிக்கிட்டு. இதுங்க ஜோடி சேர்றது பெரும்பாலும் இப்படி குளிர்காலத்துக்கு வந்த எடத்துலதான். அப்பறம் திரும்பிப் போகும்போது பொண்ணு தான் பொறந்த பக்கமாப் போகும், ஆண் அது பின்னாடியே போயிரும். சித்தப்பாகிட்ட சொன்னேன். "அப்ப நிச்சயதார்த்தம் நம்ம விஜயநாராயணத்துல, குடித்தனம் பொண்ணு ஊர்ல"ன்னு சொல்லிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க.


நாலாம் நாள் – ஸ்ரீவைகுண்டம் பக்கம்

தாமிரபரணியில மொத்தம் எட்டு அணைக்கட்டு, கடைசி ஸ்ரீவைகுண்டம். மருதூர், ஸ்ரீவைகுண்டம் ரெண்டு அணைக்கட்டுலயும் பிரியுற கால்வாய்ல மட்டும் 53 குளம். நெல்லு, வாழை, வெத்தலை எல்லாம் இந்தத் தண்ணிதான். போற வழியெல்லாம் வாழைத்தோட்டம், வெள்ளத்தோட தடம் கூட சில எடத்துல இன்னும் தெரியுது. 2023 டிசம்பர்ல ஒரே நாள்ல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சே, அப்ப இந்தப் பக்கம் பல குளத்துக்குக் கரை உடைஞ்சது, ரயில்ல வந்த ஜனம் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல மாட்டிக்கிட்டு நின்னாங்க. கரை உடைஞ்ச குளத்துல அந்த வருஷம் தண்ணியும் இல்ல, பயிரும் இல்ல, வாத்தும் இல்ல. குளத்துக்கு ஒண்ணு ஆனா எல்லாருக்கும் சேத்துதான் ஆகும்.

பெருங்குளத்துல எறங்குனோம். கோயிலுக்கு வந்த கார் நாலஞ்சு நின்னுச்சு, நாங்க நேரா கரைக்கு. இந்தக் குளம் வேற மாதிரி, அல்லி இலை படர்ந்து கெடக்கு, அது மேல நீளவால் இலைக்கோழி நடக்குது, ஓரத்துல நீலத்தாழைக்கோழி. இங்க நான் தேடுனது குள்ளத்தாரா. வாத்து இனத்துலயே உலகத்துல மிகச் சின்னதுல ஒண்ணு, நம்ம ஊர்லயே இருக்கது, அல்லி இருந்தா அது இருக்கும். இலைக்கு நடுவுல ஒரு வெள்ளை உருண்டை அசைஞ்சது, அப்பறம் இன்னொண்ணு. ஆணுக்குக் கழுத்துல கருப்பு மாலை மாதிரி ஒரு பட்டை, முதுகுல வெயில் பட்டா கரும்பச்சையா மினுங்கும். நீலச்சிறகி எவ்வளவு தூரம் வந்துச்சுன்னு ஆச்சரியப்படுறோம், இது எங்கயும் போகாம நம்ம கூடவே இருக்கு, இதையும் பாக்க ஆள் வேணும்.

நாமத்தலை வாத்து பதினொண்ணு கெடைச்சது, இந்த ட்ரிப்ல இங்க மட்டும்தான். செம்பழுப்புத் தலைல நெத்தியில இருந்து உச்சி வரைக்கும் வெண்ணெய் கலர்ல அகலமா நாமம். ஆண் ஒரு விசில் அடிக்கும், மேல ஏறி டக்குனு விழுற மாதிரி, அதைக் காதால கேட்டுட்டுத்தான் திரும்பிப் பாத்தேன்.

அடுத்த குளத்துல மனசு கெட்டுப் போச்சு. பேர் சொல்ல வேண்டாம். உள்வாய்ல ரெண்டு கம்பு நட்டு நடுவுல நரம்பு வலை கட்டிருந்தாங்க, தண்ணிக்கு மேல, மீன் வலை இல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசு, சித்தப்பா கைல தட்டுனப்பறம்தான் தெரிஞ்சது. ராத்திரி மேய எறங்குற வாத்து அதுல விழும். கீழ் நூல்ல ஒரு நீலச்சிறகி மாட்டிச் செத்துக் கெடந்துச்சு, பொண்ணு. றெக்கையை விரிச்சுப் பாத்தேன். பொண்ணுக்கு றெக்கை மங்கல் சாம்பல்தான், நடுவுல ஒரு பழுப்புப் பட்டை, மேலயும் கீழயும் வெள்ளைக் கோடு. ஒவ்வொரு இறகும் அடுத்த இறகு மேல சரியா படிஞ்சு, ஒரு தூசி கூட இல்லாம இருந்துச்சு. அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த றெக்கை. வனத்துறைக்குப் போன் பண்ணோம், ஒரு மணி நேரத்துல ரெண்டு பேர் வந்து வலையை அறுத்து எடுத்துக்கிட்டு, பறவையையும் வாங்கிக்கிட்டாங்க. யார் கட்டுனதுன்னு தெரியாது. ஆனா ரோட்டோரம் காட்டுத்தாரா கறின்னு யாராவது குடுத்தா வாங்காதீங்க, வாங்க ஆள் இருக்கதாலதான் கட்டுறான். 1972 சட்டப்படி அது குத்தம், வாங்குறதும் சேத்துத்தான்.

திரும்பி வர்ற வழியெல்லாம் ரெண்டு பேரும் பேசல.


அஞ்சாம் நாள் – திரும்பவும் கூந்தன்குளம், பொழுது சாய

ராத்திரி பத்து மணிக்கு பஸ். சித்தப்பாதான் சொன்னாங்க, பகல்ல அதுங்க தூங்குறதைத்தானே பாத்த, வேலைக்குப் போறதைப் பாக்கலியேன்னு. சரிதான். வாத்து பகல்ல பெரும்பாலும் குளத்துல ஓய்வு எடுக்கும், இருட்டுனதும்தான் கூட்டங் கூட்டமா மேய்ச்சலுக்குக் கெளம்பும், குளம் அதுக்கு வீடு மாதிரி, சாப்பாடு நெறைய வெளியில.

அஞ்சரைக்குக் கரைல உக்காந்தோம். மடைக்குப் பக்கத்துல ஒருத்தர் மண்வெட்டியோட நின்னாங்க, தண்ணி கட்ட வந்தவங்க, சித்தப்பாவை "வாங்க அண்ணாச்சி"ன்னு கூப்பிட்டு திட்டுல எடம் குடுத்தாங்க. தாரா வயல்ல எறங்குனா தொந்தரவு இல்லையான்னு நான் கேட்டேன். அவங்க மறைக்காம சொன்னாங்க. "கதிர் முத்துன வயல்ல எறங்குனா சாச்சுப்புடும்மா, நட்டமும் வரும், தகரத்தத் தட்டி வெரட்டத்தான் செய்வோம். தொளில, நடுறதுக்கு உழுது கலக்குன சேத்துல, எறங்குச்சுன்னா பூச்சி புழு பொறுக்கிட்டுப் போவும், அது நல்லதுதான். வெசம் வைக்கிறது, வலை போடுறது எல்லாம் இந்த ஊர்ல கெடையாது." அப்பறம் சித்தப்பாவைப் பாத்து, குளம் இன்னும் ஒரு மாசம் தாங்குமான்னு கேட்டாங்க. சித்தப்பா கலுங்கை, அதான் மிச்சத் தண்ணி வழியுற எடத்தைப் பாத்தாங்க, சேத்தோட ஓரத்தைப் பாத்தாங்க, மாசிக் கடைசி வரைக்கும் நிக்கும்னாங்க. அந்த ஒரு மாசம் அவருக்கு நெல்லு, நீலச்சிறகிக்கு வடக்க போற வழிக்கு ஒடம்புல சேத்து வைக்கிற கொழுப்பு.

சூரியன் எறங்குனப்பறம் குளத்துல சத்தம் மாறுச்சு. அதுவரைக்கும் அமைதியா இருந்த கூட்டத்துல இருந்து கரகரகரன்னு ஒரு சத்தம், சீப்புப் பல்லை நகத்தால இழுத்தா வருமே அதே மாதிரி, நீலச்சிறகி ஆண் போடுற சத்தம் அது. ஒண்ணு போட்டுச்சு, அப்பறம் பத்து. தலையை மேலயும் கீழயும் ஆட்டுச்சு, ஒண்ணை ஒண்ணு கூப்பிடுற மாதிரி. சங்குவளை நாரையெல்லாம் ஊருக்குள்ள மரத்துக்குத் திரும்பிக்கிட்டு இருக்கும்போது இதுங்க கெளம்புறதுக்குத் தயாராகுது.

மொத கூட்டம் ஆறு இருவதுக்கு எந்திரிச்சது, பதினஞ்சு இருக்கும். அப்பறம் எண்ண முடியல. மேற்க வானத்துல கொஞ்சம் செவப்பு மிச்சம், அதுல கருப்புக் கோடு கோடாப் போகுது, தலைக்கு மேல வரும்போது றெக்கை விசிறுற காத்துச் சத்தம் மட்டும். சித்தப்பா வாய்க்குள்ளயே பத்து, இருவது, முப்பதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தாங்க, இரநூத்தி பத்துல நிறுத்திட்டாங்க, இருட்டிருச்சு.

மண்வெட்டிக்காரர் மடையைத் திறந்து விட்டுட்டு டார்ச்சை அணைச்சாங்க. "கெழக்க போவுது பாருங்க. நம்ம கடைசி வயல்தான். லேட்டா நட்டது, இன்னும் தொளிதான்."

தண்ணி வாய்க்கால்ல எறங்குற சத்தம் கேட்டுச்சு. அதுக்கு மேல இன்னொரு கூட்டம் போச்சு, அது எத்தனைன்னு தெரியல.